ஜியோஜீப்ரா 3டி கால்குலேட்டர்: சுழற்றினால் என்ன உருவம் வரும் என்று கண்ணால் பார்க்க

தொகையிடலில் (இன்டெக்ரேஷன்) பரப்பளவு கண்டுபிடிக்கும் வரை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மாணவர்கள், அதே வளைவரையை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் திடப்பொருளின் கன அளவு என்ன என்று கேட்டதும் நின்றுவிடுகிறார்கள். சூத்திரம் தெரியும். பை, ஒய் வர்க்கம், டிஎக்ஸ், கீழ் எல்லை, மேல் எல்லை எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த ஒய் வர்க்கம் எங்கிருந்து வந்தது, ஒய் அச்சைச் சுற்றினால் ஏன் வேறு உருவம் வருகிறது, இரண்டு வளைவரைகளுக்கு நடுவே உள்ள பரப்பைச் சுழற்றினால் ஏன் நடுவில் ஓட்டை விழுகிறது என்று கேட்டால் பதில் வராது. தப்பு அவர்கள் மேல் இல்லை. தாளில் இருப்பது தட்டையான படம், கேட்கப்படுவது கனமுள்ள உருவம், நடுவில் இருக்கும் அந்த ஒரு சுழற்சியை மனதுக்குள்ளேயே செய்துகொள்ளச் சொல்லிவிட்டு நாம் நேராகத் தொகையிடலுக்குப் போய்விடுகிறோம். ஜியோஜீப்ராவின் 3டி கால்குலேட்டர் சரியாக அந்த இடத்தில் கை கொடுக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சுருக்கமாக. ஜியோஜீப்ரா என்பது கணித உருவங்களை வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் மென்பொருள். கணினியில் உலாவியில் திறக்கலாம், கைபேசியில் செயலியாகவும் போட்டுக்கொள்ளலாம், படிப்புக்குப் பயன்படுத்துபவர்களுக்குக் காசு கிடையாது. மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. முதலில் தட்டையான வடிவியலும் இயற்கணிதமும்தான் இருந்தன. முப்பரிமாணம் 2014-இல் வெளியான 5-ஆம் பதிப்போடு வந்தது. ஹோஹென்வார்ட்டர் இப்போது பேராசிரியராக இருப்பது லின்ஸ் நகரத்தில் உள்ள யோஹான்னஸ் கெப்லர் பல்கலைக்கழகத்தில்.

இந்த லின்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று சொன்ன அதே கெப்லர் அந்த ஊரில் இருந்தபோதுதான் பீப்பாய்களின் கன அளவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். 1613-இல் அவருடைய இரண்டாவது திருமணம். அந்தச் சமயத்தில் வாங்கிய மதுப் பீப்பாயை வியாபாரி அளந்த விதம் அவருக்குப் புரியவில்லை. பக்கவாட்டில் இருக்கும் துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக உள்ளே விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று மட்டும் பார்த்து இவ்வளவு கொள்ளும் என்று சொல்லிவிட்டார்களாம். குட்டையான பீப்பாயும் நெட்டையான பீப்பாயும் ஒரே கோல் நீளத்தைக் காட்ட முடியுமே, அப்போது கன அளவு எப்படி ஒன்றாக இருக்கும் என்பது அவர் கேள்வி. அதற்குப் பதிலாக 1615-இல் ஒரு நூலே வெளியிட்டார். வட்டம், நீள்வட்டம், பரவளையம் ஆகியவற்றின் துண்டுகளை வெவ்வேறு கோடுகளைச் சுற்றிச் சுழற்றி, வரும் உருவங்களை மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கன அளவு கண்டார். நுண்கணிதத்தை உருவாக்கிய நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறப்பதற்கு முன்பே நடந்த வேலை இது. இன்றைக்கு நாம் தொகைக் குறி போட்டுச் செய்வதன் வேர் அங்கே இருக்கிறது, அதைத் திரையில் சுழற்றிக் காட்டும் கருவியை உருவாக்கியவரும் அதே ஊரில் வேலை பார்க்கிறார்.

சரி, கருவிக்கு வருவோம். ஒய் சமம் எக்ஸ் வர்க்கம் என்ற வளைவரையை எக்ஸ் 0 முதல் 2 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் என்ற கட்டளைக்குள் வளைவரையையும் இரண்டு எல்லைகளையும் கொடுத்தால் அந்தத் துண்டு மட்டும் வரும். அப்புறம் கோணத்துக்கு ஒரு ஸ்லைடர், 0 முதல் 360 பாகை வரை. அடுத்து சர்ஃபேஸ் என்ற கட்டளையில் அந்த வளைவரை, அந்தக் கோணம், எந்தக் கோட்டைச் சுற்ற வேண்டும் என்ற மூன்றையும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஸ்லைடரைத் தள்ளத் தள்ள வளைவரை தாளை விட்டு எழுந்து சுற்றி வருகிறது. இதில் ஒரு யோசனை சொல்கிறேன், எடுத்தவுடன் 360-க்குப் போய்விடாதீர்கள். 90 பாகையில் நிறுத்தி, விரலால் படத்தைத் திருப்பி, அச்சின் நுனியிலிருந்து நேராகப் பாருங்கள். கால் வட்டம் தெரியும். அந்தக் கால் வட்டத்தின் ஆரம் என்னவென்று கேளுங்கள். கடைசிப் புள்ளியில் அது 4, ஏனென்றால் எக்ஸ் 2 ஆகும்போது ஒய் 4. ஆரம் என்பது வளைவரையின் உயரமே தவிர வேறொன்றும் இல்லை என்று அந்த இடத்தில் பளிச்சென்று புரிகிறது. பை ஆர் வர்க்கத்தில் ஆருக்குப் பதிலாக ஒய் வந்து உட்காருவதற்குக் காரணமும் அதுதான், இதை விளக்க அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

உருவத்தின் ஒளிபுகுதன்மையைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் உள்ளே இருக்கும் அச்சும் தெரியும். இதைச் செய்யாமல் பார்ப்பவர்களுக்குப் பாதி பயன்தான் கிடைக்கும்.

அடுத்தது நறுக்குவது. இங்கேதான் இந்தக் கருவியின் உண்மையான பலம் இருக்கிறது என்பது என் எண்ணம். சுழற்றிக் காட்டும் அசைபடங்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் துண்டுகளின் எண்ணிக்கையை நம் கையாலேயே மாற்றி, கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கும் வசதி வீடியோவில் வராது. சீக்வென்ஸ் என்ற கட்டளைக்குள் சிலிண்டர் கட்டளையைப் போட்டால் வரிசையாக மெல்லிய உருளைகள் அடுக்கி நிற்கும். ஒவ்வொரு உருளைக்கும் ஆரம், அந்தத் துண்டின் நடுப்புள்ளியில் வளைவரையின் உயரம். துண்டுகள் 4 என்று வைத்தால் உருளைகளின் மொத்தக் கன அளவு சுமார் 19.07. 10 ஆக்கினால் 19.94. 100 ஆக்கினால் 20.10-ஐத் தாண்டுகிறது. தொகையிட்டுக் கிடைக்கும் விடை பையின் 32/5 மடங்கு, அதாவது 20.106. படிக்கட்டு மாதிரி தெரிந்த விளிம்பு மெல்ல மெல்ல வழுவழுப்பாவதும் எண் 20.106-ஐ நெருங்குவதும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறது. தொகைக் குறி என்பது கூட்டலின் எல்லை என்று பாடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதை இங்கே நேரடியாகப் பார்த்துவிடலாம்.

இதையே ஒய் சமம் வர்க்கமூலம் எக்ஸ் என்று மாற்றி, 0 முதல் 4 வரை போட்டுப் பாருங்கள். துண்டுகள் 100 இருந்தாலும் கூட்டுத்தொகை பையின் 8 மடங்கு. 10 ஆக்கினாலும் அதே 8 மடங்கு. ஒரே ஒரு தடித்த உருளையாகக் குறைத்தாலும் எண் அசையாது! முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ தவறாகத் தட்டச்சு செய்துவிட்டோம் என்று நினைப்பார்கள். தவறு இல்லை. வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் வெறும் எக்ஸ் மிஞ்சுகிறது, வெட்டுமுகப் பரப்பு ஒரு நேர்கோடாக ஏறுகிறது, நேர்கோட்டுக்கு நடுப்புள்ளி மதிப்பே சராசரி, அதனால் ஒரு துண்டு போட்டாலும் சரியான விடை. அந்த ஒற்றை உருளையையும் சுற்றியுள்ள முழு உருளையையும் ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். ஆரம் 2, நீளம் 4 உள்ள முழு உருளையின் கன அளவு பையின் 16 மடங்கு, நம் உருவம் அதில் சரிபாதி. பரவளையத்தைச் சுழற்றி வரும் உருவம் அதை அடக்கும் உருளையில் பாதி என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியது இதுதான். தொகையிடல் என்ற பெயரே இல்லாத காலத்தில் அவர் கண்டதை ஒரு ஸ்லைடர் அசைவில் பார்க்க முடிவது எனக்கு இன்னமும் பரவசமாகத்தான் இருக்கிறது.

இப்போது மாணவர்கள் அதிகமாக மதிப்பெண் இழக்கும் இடத்துக்கு வருகிறேன். ஒய் சமம் எக்ஸ், ஒய் சமம் எக்ஸ் வர்க்கம், இந்த இரண்டுக்கும் நடுவே 0 முதல் 1 வரை உள்ள பரப்பை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டையும் கழித்து, கழித்ததை வர்க்கப்படுத்தி, தொகையிட்டு, பையின் 1/30 மடங்கு என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை பையின் 2/15 மடங்கு. நான்கு மடங்கு வித்தியாசம், சின்னப் பிழை என்று விட்டுவிட முடியாது. வர்க்கப்படுத்திவிட்டுக் கழிக்க வேண்டும், கழித்துவிட்டு வர்க்கப்படுத்தக் கூடாது என்று எத்தனை தடவை பலகையில் எழுதிப் போட்டாலும் அடுத்த தேர்வில் அதே பிழை திரும்ப வரும், ஏனென்றால் அது அவர்களுக்கு ஒரு விதியாக மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதை ஜியோஜீப்ராவில் இப்படிச் செய்யுங்கள். இரண்டு வளைவரைகளையும் தனித்தனியாகச் சுழற்றி, வெளி உருவத்துக்கு ஒரு நிறம், உள் உருவத்துக்கு வேறு நிறம் கொடுங்கள். வெளியே கூம்பு, உள்ளே அதே நுனியிலிருந்து தொடங்கி அதே வாயில் போய் முடியும் குழிந்த உருவம். அச்சின் மேல் நகரும் ஒரு புள்ளிக்கு ஸ்லைடர் வைத்து, அந்த இடத்தில் சர்க்கிள் கட்டளையால் இரண்டு வட்டங்கள் வரையுங்கள், ஒன்றின் ஆரம் எக்ஸ், மற்றதன் ஆரம் எக்ஸ் வர்க்கம். ஸ்லைடரை 0.5-இல் நிறுத்துங்கள். வெளி ஆரம் 0.5, உள் ஆரம் 0.25. நடுவில் இருக்கும் வளையத்தின் பரப்பு பையின் 0.1875 மடங்கு. கழித்து வர்க்கப்படுத்தினால் என்ன வரும்? ஆரம் 0.25 உள்ள ஒரு சின்ன முழு வட்டம், பரப்பு பையின் 0.0625 மடங்கு, வளையத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சின்ன வட்டத்தையும் பக்கத்தில் வரைந்து காட்டிவிடுங்கள். கழித்து வர்க்கப்படுத்துவது என்றால் ஓட்டையுள்ள வளையத்தை விட்டுவிட்டு, அதன் அகலத்தையே ஆரமாகக் கொண்ட வேறு ஏதோ ஒரு வட்டத்தை அளப்பது என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்தப் படத்தை ஒரு தடவை தானே கட்டிப் பார்த்தவர்கள் மறுபடி அந்தப் பிழைக்குப் போவது அபூர்வம்.

இதே பரப்பை ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றுவதும் நல்ல பயிற்சி. கோட்டை மட்டும் மாற்றினால் போதும், உருவம் அடியோடு மாறிவிடும். இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒய்யை வைத்து வளையமாக நறுக்கலாம், அல்லது எக்ஸை வைத்து உருளை ஓடுகளாகப் பிரிக்கலாம். உருளை ஓடு முறையைப் பல பேர் சூத்திரமாக மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள், இரண்டு பை எக்ஸ் என்பது ஏன் வருகிறது என்று கேட்டால் தெரியாது. மெல்லிய ஓடு ஒன்றை மட்டும் எடுத்து, ஓரிடத்தில் வெட்டி, சுருட்டிய பாயை விரிப்பது போல விரித்தால் ஒரு பலகை கிடைக்கும். அதன் நீளம் வட்டத்தின் சுற்றளவு, உயரம் இரண்டு வளைவரைகளுக்கும் உள்ள இடைவெளி, தடிமன் டிஎக்ஸ். ஜியோஜீப்ராவில் ஓட்டின் ஆரத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்தால் உள்ளிருந்து வெளியே ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக உருவத்தை நிரப்புவது தெரியும். இரண்டு வழியில் போனாலும் விடை பையின் 1/6 மடங்கு. ஒரே உருவத்தை இரண்டு விதமாக நறுக்கி ஒரே எண்ணுக்கு வந்து சேர்வதை ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள், அதற்குப் பிறகு எந்தக் கணக்கில் எந்த முறை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது, எது எளிதாகத் தொகையிட வருகிறதோ அதை நீங்களே எடுத்துக்கொள்வீர்கள்.

அச்சை நகர்த்தும் கணக்குகளும் அப்படித்தான். அதே பரப்பை ஒய் சமம் மைனஸ் 1 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்று என்று கேட்டால், ஆரத்தோடு 1-ஐக் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் வரும். திரையில் கோட்டைக் கீழே இறக்கிப் பார்த்தால் கேள்வியே எழாது, தூரம் கூடுகிறது, ஆகவே கூட்ட வேண்டும். விடை பையின் 7/15 மடங்கு. இதைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸின் பெயரில் இருக்கும் தேற்றம், ஒரு பரப்பைச் சுழற்றி வரும் கன அளவு என்பது அந்தப் பரப்பளவையும் அதன் மையக்கோட்டுச்சந்தி (பரப்பு சமநிலையில் நிற்கும் புள்ளி) போன வட்டப் பாதையின் நீளத்தையும் பெருக்கினால் வருவது என்கிறது. பிற்காலத்தில் குல்டின் என்ற கணிதவியலாளரின் பெயரும் இதோடு சேர்ந்துகொண்டது. சுழற்றும் கோடு பரப்பை வெட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. நம் பரப்பின் அளவு 1/6, அதன் மையக்கோட்டுச்சந்தி எக்ஸ் 1/2, ஒய் 2/5. எக்ஸ் அச்சிலிருந்து தூரம் 2/5, ஒய் அச்சிலிருந்து 1/2, கீழே இறக்கிய கோட்டிலிருந்து 7/5. இந்த மூன்றையும் இரண்டு பையாலும் 1/6-ஆலும் பெருக்கிப் பாருங்கள், 2/15, 1/6, 7/15 என்ற மூன்று விடைகளும் வரிசையாக வந்து நிற்கும். அந்த மையக்கோட்டுச்சந்தியைத் திரையில் குறித்துவைத்து, சுழலும்போது அது வரையும் வட்டத்தையும் காட்டிவிட்டால் தேற்றத்துக்கு வேறு விளக்கம் எதற்கு?

இனி இந்தக் கருவி எதைச் செய்யாது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தெரியாமல் வருபவர்கள் ஏமாற்றத்தோடு மூடிவிட்டுப் போவார்கள். சர்ஃபேஸ் கட்டளை வரைவது ஒரு மேற்பரப்பு, உள்ளே நிரம்பிய திடப்பொருள் இல்லை. ஆகவே வால்யூம் என்ற கட்டளையை இதன் மேல் போட்டுக் கன அளவு வாங்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்தக் கட்டளை கூம்பு, உருளை, கோளம், பட்டகம் மாதிரியான உருவங்களுக்கானது. கன அளவு வேண்டுமென்றால் இன்டெக்ரல் கட்டளையில் பையையும் ஒய் வர்க்கத்தையும் நீங்களே அமைத்துக் கொடுக்க வேண்டும். இது குறை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொகையை அமைப்பதுதான் இந்தப் பாடமே. உருவத்தை அது காட்டட்டும், எதைத் தொகையிட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். முறை தெரிந்தவருக்கு இந்தப் பிரிவினை மிகச் சரியாகப் பொருந்துகிறது.

படிப்படியான செய்முறையை எதிர்பார்ப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. விடையை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்றால் வோல்ஃப்ராம் ஆல்ஃபா என்ற கணக்குத் தளத்தில் கேள்வியைத் தட்டினால் போதும், வேகமாக வரும். டெஸ்மாஸ் என்ற வரைபடக் கருவியிலும் இப்போது முப்பரிமாணம் இருக்கிறது, அதன் முகப்பு பளிச்சென்று இருக்கும், சமன்பாட்டைத் தட்டியவுடன் படம் வரும், துணையலகுச் (பாராமெட்ரிக்) சமன்பாடாகக் கொடுத்தால் சுழற்சி உருவங்களையும் வரைந்துவிடலாம். ஆனால் வளைவரை, கோணம், கோடு என்று நாம் வாயால் சொல்வதையே கட்டளையாகக் கொடுக்க முடிவதால் இந்தப் பாடத்துக்கு என் ஓட்டு ஜியோஜீப்ராவுக்கே.

கைபேசியில் பார்க்க மிகவும் நன்றாக இருக்கும், கேமராவைத் திறந்து மேசை மேல் உருவம் நிற்பது போலக் காட்டும் வசதிகூட இருக்கிறது, சுற்றி நடந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஆனால் கட்டுவதற்குக் கணினிதான். நீளமான கட்டளைகளைச் சின்ன விசைப்பலகையில் அடைப்புக்குறி விடாமல் தட்டுவது சிரமம். கணினியில் கட்டிச் சேமித்துவிட்டு, பார்ப்பதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்துங்கள். பிறர் செய்து பொதுவில் வைத்திருக்கும் ஆயத்தப் படங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் தரம் ஒரே மாதிரி இருக்காது. எடுப்பதற்கு முன்பு, உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுச் சோதித்துவிடுங்கள். கூம்பு போதும், ஆரத்தையும் உயரத்தையும் கொடுத்து மூன்றில் ஒரு பங்கு வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். தாளில் வளைவரையை வரையச் சொல்லி, சுழற்றினால் என்ன வரும் என்று கையாலேயே ஒரு கோட்டுப் படம் போடச் சொல்லி, வெட்டுமுகம் வட்டமா வளையமா என்று எழுதவும் வைத்துவிட்டு, அப்புறம் திரையைத் திறங்கள். ஊகம் செய்தவர் பார்க்கும்போது தன் படத்தோடு ஒப்பிடுகிறார், எங்கே மாறுகிறது என்று தேடுகிறார். ஊகம் செய்யாதவர் அழகான உருவம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிறார். தேர்வு அறையில் இந்தக் கருவி கூட வராது, கையால் போடும் அந்தக் கோட்டுப் படம் மட்டும்தான் வரும், ஆகவே இதன் வேலை அந்தக் கைப்படத்தைத் திருத்துவதாக இருக்கட்டும்.

இவ்வளவும் பழகிய பிறகு இரண்டு கணக்குகளைக் கட்டாயம் கட்டிப் பாருங்கள். ஒன்று, நடுவில் துளையிட்ட கோளம். கோளத்தின் மையம் வழியாக நேராகத் துளை போட்டு, மிஞ்சும் வளையத்தின் உயரம் 6 என்று நிலையாக வைத்துக்கொண்டு, கோளத்தின் ஆரத்துக்கு மட்டும் ஸ்லைடர் கொடுங்கள். ஆரம் 3 என்றால் துளையே இல்லை, முழுக் கோளம், கன அளவு பையின் 36 மடங்கு. ஆரத்தை 5 ஆக்குங்கள், 10 ஆக்குங்கள், 50 ஆக்குங்கள். துளை பெரிதாகிக்கொண்டே போகும், மிஞ்சும் வளையம் மெலிந்துகொண்டே போகும், கன அளவு மட்டும் பையின் 36 மடங்காகவே இருக்கும். ஏன் என்று பார்க்க வெட்டுமுகத்துக்குப் போனால் போதும், வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழிக்கும்போது கோளத்தின் ஆரம் இரண்டு பக்கமும் இருந்து அடிபட்டுப் போகிறது, 9-இலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தது மட்டும் மிஞ்சுகிறது. வளையக் கணக்கில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று டாரிசெல்லியின் எக்காளம். ஒய் சமம் 1-இன் கீழ் எக்ஸ், எக்ஸ் 1-இலிருந்து தொடங்கி முடிவில்லாமல் போக வேண்டும். மேல் எல்லைக்கு ஸ்லைடர் வையுங்கள். 10-இல் கன அளவு பையின் 9/10 மடங்கு, 100-இல் 99/100 மடங்கு, எவ்வளவு தூரம் போனாலும் பையைத் தாண்டாது. கூடவே மேற்பரப்பையும் ஒரு வரியில் கணக்கிட்டு வையுங்கள், 100-இலேயே அது 28.9-க்கு மேல் போயிருக்கும், அதற்கு எல்லையே கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லி இதைக் கண்டு சொன்னபோது நீளம் முடிவில்லாத ஒரு உருவத்துக்குக் கன அளவு முடிவுள்ளதாக இருக்கும் என்பதை ஏற்பதற்கே அறிஞர்கள் திணறினார்கள். திரையில் ஒரு கட்டத்துக்கு மேல் எக்காளம் வெறும் கோடாகத்தான் தெரியும், எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. அந்த இடத்தில் கணினியை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, மேல் எல்லையை முடிவிலிக்குக் கொண்டுபோய்த் தொகையிட்டு முடித்துவிடுங்கள், இரண்டே வரிதான்.